டெஸ்டோஸ்டிரோன் பேட்ச்: ரத்தப் பரிசோதனையில் தொடங்கி குப்பைத்தொட்டி வரைக்கும்

"அமெரிக்காவில் இருக்கிற பையன் டெஸ்டோஸ்டிரோன் பேட்ச் வாங்கித் தர்றேங்கிறான், ஒட்டிக்கலாமுங்களா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? இனிமேல் குழந்தை வேண்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தோல் வழியே உடம்புக்குள் இறக்கும் இந்த பேட்ச்சை எந்த இடத்தில் ஒட்டுவது என்று பேசிப் பிரயோஜனமில்லை. நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கும் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. மருந்து எழுதுவதும் அளவை மாற்றுவதும் அவர்கள் வேலை. ஆனால் சீட்டை எழுதிக் கொடுத்த பிறகு அந்த மருந்து உடம்பில் ஒழுங்காக இறங்குவதற்குள் ஏகப்பட்ட சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன, அதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு, திருப்பூர், கோவை என்று எந்தக் கடையில் கேட்டாலும் சாதாரணமாகக் கைக்குக் கிடைப்பது ஜெல், ஊசி, மாத்திரை இந்த மூன்றும்தான். பேட்ச் வைத்திருக்கும் கடையைத் தேடுவது கஷ்டம். வெளிநாட்டில் சிகிச்சை தொடங்கி ஊர் திரும்பியவர்கள், அங்கேயே வேலையில் இருப்பவர்கள், எது நமக்குச் சரிப்படும் என்று மருத்துவரிடம் பேசப் போகிறவர்கள், இவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி அதிகம் உதவும். இணையத்தில் "ஆண்மை பேட்ச்", "மூலிகை பேட்ச்" என்று விற்பவற்றை இதோடு சேர்க்காதீர்கள், அவற்றில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இது என்ன பொருள்

டெஸ்டோஸ்டிரோனை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கேயே பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால்தான் ஊசி, அப்புறம் தோல் வழி என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் 1993-இல் அனுமதி பெற்ற முதல் பேட்ச் விதைப்பையின் மேலேயே ஒட்டுவது; அங்கே தோல் மெல்லியது, மருந்து சுலபமாக இறங்கும், ஆனால் முடியை மழித்துவிட்டுத் தினமும் ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? 1995-இல் வந்த ஆண்ட்ரோடெர்ம் முதுகு, வயிறு, மேல்கை, தொடையில் ஒட்டுவது. கீழே நான் சொல்லும் அளவும் முறையும் இந்த வகையை வைத்துத்தான். நடுவில் ஆல்கஹால் கலந்த ஜெல்லில் மருந்து இருக்கும் ஒரு சின்னப் பை, சுற்றிலும் பசை. இரவு பத்து மணிவாக்கில் ஒட்டினால் ரத்தத்தில் அளவு மெல்ல ஏறி விடிகாலையில் உச்சத்துக்குப் போகும். ஆரோக்கியமான இளம் ஆணின் உடம்பிலும் காலையில்தான் டெஸ்டோஸ்டிரோன் அதிகம், சாயங்காலம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டுவருவதுதான் பேட்ச்சின் பெரிய நன்மை.

முதல் படி: அறிகுறி உண்மையிலேயே இதனுடையதா

களைப்பு, எரிச்சல், தூக்கமின்மை, தொப்பை. இதை வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டுகிறவருக்கும், கடனை நினைத்துப் புரள்கிறவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், தைராய்டு குறைந்தவருக்கும், ரத்தசோகை உள்ளவருக்கும் இதே தொல்லைகள்தான். டெஸ்டோஸ்டிரோன் குறைவை நோக்கிக் கொஞ்சம் தெளிவாகக் கைகாட்டுவது வேறு சில: தாம்பத்திய ஆசையே குறைந்துபோவது, காலையில் எழும்போது வரும் விறைப்பு அருகிப்போவது, தாடி மீசையும் உடம்பு முடியும் குறைந்து சவரம் செய்யும் இடைவெளி நீள்வது, விதை சுருங்குவது, மார்பு வீங்கி வலிப்பது, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவது.

குறட்டையைப் பற்றி வீட்டம்மாவிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளாக இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த நோயும் உடல் பருமனோடு சேர்ந்து டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், அதைக் கவனிக்காமல் இந்த மருந்தைத் தொடங்கினால் மூச்சுத் தடை இன்னும் மோசமாகலாம்.

இரண்டாம் படி: ரத்தம் கொடுக்கும் நேரம்

இங்கேதான் எல்லாம் கோணலாகப் போகிறது. காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், தனித்தனி நாட்களில் இரண்டு தடவை. மதியம் சாப்பிட்டுவிட்டு வேலை முடிந்து போகிற வழியில் கொடுத்த ரத்தத்துக்கு வந்த எண்ணை நம்பி மருந்து ஆரம்பிக்கக் கூடாது. ஏன் இரண்டு தடவை என்றால், முதல் முறை குறைவாக வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை மறுமுறை பார்க்கும்போது சரியான அளவிலேயே இருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக இருந்து வேண்டாத மருந்தை வருடக்கணக்கில் எடுப்பதைவிட இன்னொரு நாள் லேப் வாசலில் உட்காரலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியிலோ இரவு வேலை பார்க்கிறவர்களுக்குக் கடிகாரக் காலை பொருந்தாது. நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்த நேரம்தான் உங்களுக்குக் காலை, அதை மருத்துவரிடம் சொல்லி அதற்கேற்ற நேரத்தில் ரத்தம் கொடுங்கள். டெங்குவோ வேறு பெரிய காய்ச்சலோ வந்து எழுந்த கையோடு இந்தப் பரிசோதனை வேண்டாம், உடம்பு தேறட்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், சில லேப் மிஷின்களில் அது எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

அலகைப் பாருங்கள். ஒரு ரிப்போர்ட்டில் 320 என்று இருக்கும், இன்னொன்றில் 3.2 என்று இருக்கும், வேறொன்றில் 11.1 என்று இருக்கும். மூன்றும் ஒரே அளவுதான்: டெசிலிட்டருக்கு நானோகிராம், மில்லிலிட்டருக்கு நானோகிராம், லிட்டருக்கு நானோமோல். "எனக்கு மூணுதாங்க இருக்குது" என்று வியர்த்து விறுவிறுத்து வருகிறவர்களுக்குப் பாதிப் பயம் இதைச் சொன்னதும் போய்விடும். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே, அறிகுறியும் சேர்ந்து இருந்தால், குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல், அதே அலகில், தரப்படுத்தப்பட்ட பரிசோதனையில் இளம் ஆண்களின் கீழ் எல்லை 264 என்கிறது. எண் மட்டும் குறைந்து அறிகுறி ஒன்றுமே இல்லாதவருக்கு மருந்து தேவைப்படாது. உடம்பு பெருத்தவர்களுக்கு மொத்த அளவு குறைவாகக் காட்டும், அவர்களுக்கு ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனையும் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: ஏன் குறைந்தது

குறைவு உறுதியானதும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். பார்க்கச் சொல்வார்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "வேலை செய்" என்று விதைக்கு அனுப்பும் உத்தரவுகள்தான் இவை. உத்தரவு ஏகமாக வந்தும் உற்பத்தி இல்லை என்றால் கோளாறு விதையில்: சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதையைத் தாக்கியது, அடிபட்டது, புற்றுநோய் சிகிச்சை, பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை. உத்தரவே சரியாக வரவில்லை என்றால் மேலே தேட வேண்டும். பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம், அது சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் ஏறியிருக்கலாம், நீண்ட நாள் எடுத்த ஓபியாய்டு வகை வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ காரணமாக இருக்கலாம், வெறும் பருமனும் சர்க்கரையும்கூட இருக்கலாம். புரோலாக்டின் ஏறிய ஆளுக்கு மாத்திரையிலேயே கட்டி சுருங்கி எல்லாம் சரியாகிற வாய்ப்பு நிறைய; அவருக்குப் போய் பேட்ச் ஒட்டினால் கட்டியை மூடி வைத்த மாதிரி ஆகிவிடும். தலைவலியோ பார்வையில் பக்கவாட்டுக் குறையோ இருந்தால் தாமதிக்காதீர்கள்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முன்னே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் உற்பத்தி படுத்துக் கிடக்கும், அதை வேறு நோய் என்று நினைத்து ஊரெல்லாம் டெஸ்ட் எடுக்க வைப்பார்கள். கபடியோ தடகளமோ போட்டியில் ஆடுகிறவர்கள் இந்த மருந்து எந்நேரமும் தடைப்பட்டியலில் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: குழந்தை

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனதும் பிட்யூட்டரி "போதும்" என்று உத்தரவை நிறுத்திவிடும். விதைக்குள் விந்தணு உற்பத்தி சரிந்துவிடும், சிலருக்குப் பூஜ்யம் வரைக்கும் போகும். ஆண்களுக்கான கருத்தடையாக இதே டெஸ்டோஸ்டிரோனை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை, டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் குறைவு, அதனால் "ஆண் ஹார்மோனை ஏத்தினா சரியாயிடும்" என்று நினைத்து வருகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் அவர்கள் தேடுவதற்கு நேர் எதிரான மருந்து இது. நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் விந்தணு திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம் வரை இழுக்கும். குழந்தை வேண்டும் என்றால் விதையையே வேலை செய்யத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன, மாமனார் வீட்டுப் பக்கம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள்.

யாருக்கு வேண்டாம்

புரோஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்கும் வரும் மார்பகப் புற்றுநோய், கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு, கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு அல்லது பக்கவாதம், ரத்தம் உறையும் கோளாறு, சிகிச்சை எடுக்காத கடுமையான மூச்சுத் தடை. பி.எஸ்.ஏ. என்கிற புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை 4-க்கு மேல் இருந்தால் முதலில் சிறுநீரியல் (யூராலஜி) நிபுணர் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று போட்டிருப்பார்களே, ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், அது தொடங்கும்போதே 50-ஐத் தாண்டியிருந்தாலும் காரணம் பார்க்காமல் ஆரம்பிக்க மாட்டார்கள்.

இதயத்தைப் பற்றி எல்லோருக்கும் பயம். 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து பூசியவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு இவை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தன. ஆகவே காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் பேட்ச்சை உரித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்ச்சா, ஜெல்லா, ஊசியா

என் சொந்த அபிப்பிராயம்: நம்மூரில் வசிக்கிறவருக்குத் தொடங்குவதற்கு ஜெல் சுலபம், கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் யோசிக்க வேண்டும். ஜெல் பூசிய தோள் குழந்தை மேலோ மனைவி மேலோ பட்டால் மருந்து அவர்களுக்குப் போய்விடும், பேட்ச்சில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. சஸ்டனான் மாதிரி ஊசி மலிவு, ஆனால் போட்ட வாரம் உற்சாகம், அடுத்த ஊசிக்கு முந்தின நாட்களில் சோர்வு என்று மேலும் கீழும் ஆடும். அதில் கடலை எண்ணெய் இருக்கிறது, நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. 1,000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் என்கிற, மெல்ல மெல்ல மருந்தை விடும் ஊசி நிதானமானது: முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு பத்திலிருந்து பதினான்கு வாரத்துக்கு ஒன்று. பேட்ச்சின் பலவீனம் தோல். அரிப்பு, சிவப்பு, சிலருக்குத் தீக்காயம் போலக் கொப்புளம்.

பையன் அனுப்பும் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் டெஸ்டோஸ்டிரோன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, 1990 சட்டத்திலிருந்தே. ஒருவர் பெயரில் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவது அங்கே குற்றம். உங்களுக்கென்று எழுதிய மருந்தை நீங்களே பயணப்பெட்டியில் கொண்டுவந்தால் சீட்டும் அசல் பெட்டியும் கூடவே இருக்கட்டும்.

ஒட்டும் முறை

சாதாரணமாக 4 மில்லிகிராம் பேட்ச் ஒன்றில் தொடங்குவார்கள். இரவு பத்து மணி சுமாருக்கு, தினமும் ஒரே நேரத்தில். சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து குளிக்கிற பழக்கம் இருந்தால் குளித்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, வியர்வை அடங்கிய பிறகு ஒட்டுங்கள். தோலில் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது, சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் போடுகிறவர்கள் அன்றைக்கு ஒட்டும் இடத்தைச் சோப்புப் போட்டு நன்றாக அலச வேண்டும். பவுடர், தைலம், வலி களிம்பு எதுவும் அந்த இடத்தில் வேண்டாம்.

இடம்: முதுகு, வயிறு, மேல்கை, தொடை. எலும்பு துருத்தும் தோள்பட்டை நுனி, இடுப்பெலும்பு வேண்டாம், கொப்புளம் அங்கேதான் அதிகம் வரும். படுக்கும்போதும் உட்காரும்போதும் அழுந்துகிற இடமும் வேண்டாம். டிராக்டர் ஓட்டுகிறவர்களும் நாள்முழுக்க வண்டியில் சுற்றுகிறவர்களும் தொடையின் பின்பக்கத்தை விட்டுவிடலாம். வயிற்றில் ஒட்டினால் அரைஞாண் கயிறு, பெல்ட், வேட்டி முடிச்சு உரசாத உயரம் பாருங்கள். விதைப்பையில் இதை ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்துக்கு ஏழு நாள் ஓய்வு: திங்கள் இடது மேல்கை, செவ்வாய் வலது என்று காலண்டரில் குறித்துவிட்டால் குழப்பமில்லை.

உறையைப் பிரித்த உடனே ஒட்ட வேண்டும், பிரித்து வைத்துவிட்டு டிவி பார்க்காதீர்கள். பின்தாளை உரித்து, மருந்து இருக்கும் பக்கம் தோலில் படும்படி வைத்து, விளிம்பு முழுவதும் விரலால் அழுத்துங்கள். பாதி அளவு வேண்டுமென்று கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், நடுப் பையில் இருக்கும் மருந்து ஒழுகிவிடும். ஒட்டியபின் குறைந்தது மூன்று மணி நேரம் குளியல், நீச்சல் கூடாது. கீழ்பவானி வாய்க்காலில் இறங்குவதானாலும் அதே கணக்கு. 24 மணி நேரம் கழித்துப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வேறு இடத்தில்.

சித்திரை வெயிலில் கரூர்ப் பக்கம் கிழிந்த பனியன்கூட உடம்பில் நிற்காது, பேட்ச் எப்படி நிற்கும்? ஓரம் பெயர்ந்தால் விரலால் திரும்ப அழுத்துங்கள். மதியத்துக்கு முன் முழுசாக விழுந்துவிட்டால் புதியது ஒட்டி இரவு வழக்கமான நேரம் வரை வைத்திருக்கலாம். மதியத்துக்குப் பின் விழுந்தால் அப்படியே விட்டு இரவு ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே பிளாஸ்திரி போட்டுச் சுற்ற வேண்டாம்.

தோல் எரிந்தால்

லேசான சிவப்பு ஒருநாளில் அடங்கும். தொடர்ந்து அரித்தால் மருத்துவர் அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டான டிரையம்சினோலோன் 0.1 சதவீத கிரீமை, ஒட்டுவதற்கு முன், மருந்துப் பை படும் நடு இடத்தில் மட்டும் கொஞ்சமாகத் தடவச் சொல்லலாம். கிரீம்தான், ஆயின்மென்ட் தடவினால் மருந்து இறங்குவது குறைந்துவிடும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் பேஸ்டிலும் இதே மருந்து இதே அளவில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் முதுகில் பூசுவார்கள் என்பதால் சொல்கிறேன், அது வேறு. கொப்புளம் வந்தால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கோ ஊசிக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பொறுத்துக்கொண்டு ஒட்டுவதற்குப் பரிசெல்லாம் இல்லை.

பின்தொடர்வது

தொடங்கி இரண்டு வாரம் வாக்கில், முந்தின இரவு ஒட்டிய பிறகு வரும் காலையில் ரத்தம் கொடுங்கள், ஒட்டிய மணியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆண்ட்ரோடெர்ம் கையேட்டின்படி டெசிலிட்டருக்கு 400-க்கும் 930 நானோகிராமுக்கும் இடையில் இருந்தால் அதே அளவு. மேலே போனால் 2 மில்லிகிராமுக்கு இறக்குவார்கள், கீழே இருந்தால் 6-க்கு ஏற்றுவார்கள். அதன் பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன், பி.சி.வி., வயதுக்கேற்ப பி.எஸ்.ஏ. இதில் பி.சி.வி.யைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள்: 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும், ரத்தம் கெட்டிப்படும். பி.எஸ்.ஏ. முதல் வருடத்தில், தொடங்கும்போது இருந்ததைவிட 1.4-க்கு மேல் கூடினாலும் மறுபரிசோதனைதான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு சர்க்கரை தாழலாம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் மாறலாம், ஆரம்ப மாதங்களில் அடிக்கடி பாருங்கள்.

பலன் எப்போது தெரியும்? ஆசை மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பத் தொடங்கும், விறைப்புக்கு ஆறு மாதம் வரை ஆகலாம், தசை மூன்று நான்கு மாதம், எலும்புக்கு வருடங்கள். 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் தாம்பத்தியத்தில் மிதமான முன்னேற்றம் இருந்தது, களைப்பில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெறும் அசதிக்காக இதைக் கேட்டு வரும் அறுபது வயது அண்ணன்மார்களுக்கு இதை நான் அடிக்கோடிட்டே சொல்வேன்.

கழற்றிய பிறகு

நாள் முழுக்க ஒட்டியதால் மருந்து தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். 4 மில்லிகிராம் பேட்ச்சில் இருப்பது சுமார் 19.5 மில்லிகிராம், ஒரு நாளில் உடம்புக்குள் போவது நாலு மட்டுமே, மிச்சம் எல்லாம் அதிலேயே இருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, குழந்தையும் நாயும் கிளற முடியாத குப்பைத்தொட்டியில் போடுங்கள், கர்ப்பிணிப் பெண்கள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து எருக்குழியில் வீசக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது கட்டாயம் உரித்துவிட்டுப் போங்கள், பேட்ச்சின் பின்பக்கத்தில் அலுமினியம் இருக்கிறது, ஸ்கேன் நேரத்தில் சூடாகித் தோலைச் சுடும். மோதிரத்தையும் அரைஞாணையும் கழற்றச் சொல்லும் டெக்னீஷியனுக்கு உங்கள் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறதென்று தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.